நான் ருசி பார்த்த மண்

ஆம்பூருக்குக் கிழக்கே, தோல் பதனிடுகிற ஷாப்பின் பின்மதிலை ஒட்டி, எங்கள் குடிசைகள் ஆறும் ஒரே வரிசையில் இருந்தன. நிலம் ஷாப்புக்காரருடையது. மாமனார் காலத்திலிருந்து குடியிருந்ததால் எங்களுடையது என்றே நினைத்திருந்தோம். நான் கல்யாணமாகி வந்த நாலாம் வருஷம், பங்குனியில், ஷாப்பு மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்து குடிசைகளைச் சுற்றி முளை அடித்தான். தோல் காயப்போட இடம் போதவில்லையாம். ஆனி முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம்.

"எங்க போறது மேஸ்திரி?" என்று என் மாமியார் கேட்டார்.

"பாலாறு முச்சூடும் காலியாத்தான் கீது. பெரிய எடம். அங்க போ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவன் அடுத்த முளைக்குப் போனான்.

ஊரில் யாரோ படித்தவர்கள் எழுதிப்போட்டதில் சர்க்காரிலிருந்து எங்களுக்கு ஆறு மனை கிடைத்தது. குட்டைக்கு மேற்கே, கல்லும் கள்ளியுமாகக் கிடந்த மேடு. மனை கிடைத்தது சரி, வீட்டை யார் கட்டுவது? ஆண்கள் ஷாப்பில் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் இறங்கினால் பொழுது சாயும்போதுதான் ஏறுவார்கள். கொத்தனார் கூலிக்கு எங்களிடம் வழி இல்லை. சித்திரை பிறந்தும் அந்த மேட்டில் கள்ளிதான் நின்றது. என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் அந்த மேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போய்ப் பார்ப்பதால் வீடு முளைக்கப் போவதில்லை. இருந்தாலும் போவேன்.

அப்போதுதான் வேலூரில் ஒரு கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் லீவு விட்டதும் வந்து இறங்கினார்கள். பதினோரு பேர். பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு வீடு கட்டித் தர வந்திருக்கிறோம், ஆனி பத்தாம் தேதி வாக்கில் காலேஜ் திறக்கும், அதற்குள் முடித்துவிடுவோம் என்று சொன்னார்கள். அவர்களின் கையைப் பார்த்தேன். வாழைத்தண்டு மாதிரி இருந்தது. என் மாமியார் அவர்களைச் சாமி என்று கூப்பிட்டார். "சாமின்னெல்லாம் கூப்பிடாதீங்கம்மா" என்று அவர்களில் பெரியவன் மாதிரி இருந்த கண்ணாடிக்காரப் பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். நான் அன்றிலிருந்து அவனைத் தம்பி என்றே கூப்பிட்டேன். மாமியார் என் தொடையில் கிள்ளினார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவனும் என்னை அக்கா என்றான்.

மண்சுவர் வைக்கிற வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பள்ளிகொண்டாவிலிருந்து அவர்களே கூட்டிவந்தார்கள். அவர் கயிறு பிடித்து, அடித்தளம் தோண்டவைத்து, மண்ணை எப்படி மிதிப்பது, எப்படிப் புளிக்கவிடுவது, ஒரு முழ உயரத்துக்கு ஓர் அடுக்கு வைத்து அது காய்ந்தபிறகு எப்படி அடுத்த அடுக்கு ஏற்றுவது என்று நாலு நாள் காட்டிக்கொடுத்தார். ஐந்தாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேல்விஷாரத்தில் ஒரு கல்யாண வீட்டு வேலை ஒப்புக்கொண்டிருக்கிறாராம். நாற்பது நாளில் திரும்பிவிடுவாராம்.

"மலையடிவாரத்துச் செம்மண்ணுதான் நல்லது. வேற எங்கனா தோண்டறதா இருந்தா நாக்குல வெச்சிப் பாத்துட்டுத் தோண்டுங்க. கரிச்சிதுன்னா அந்த மண்ணைத் தொடாதீங்க. உப்பு மண்ணுல வெச்ச செவுரு காயவே காயாது. ஒரு மழை தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலையடிவாரம் அரை மைலுக்கு மேல். பிள்ளைகள் கூடையில் அள்ளித் தலையில் வைத்து நடந்தார்கள். வெயிலில் இரண்டு பேருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. எட்டு நாளில் அடித்தளம் நிரம்பியதோடு சரி. மேஸ்திரி அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் நின்று பார்த்து, "இன்னாப்பா, வர்ற ஆனியா, அடுத்த வருஷத்து ஆனியா?" என்று கேட்டுவிட்டுப் போவான். 

பெண்கள் எங்களுக்கு ஷாப்பில் உப்பு உதறுகிற வேலை. எங்கெங்கிருந்தோ பச்சைத் தோல் உப்புப் போட்டு மடித்து மூட்டை மூட்டையாக வரும். அதைப் பிரித்துக் கல்மேல் அடித்து உதறிவிட்டுத்தான் தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்புவார்கள். விடியலில் தொடங்கினால் உச்சிக்குள் முடியும். முடிந்து வெளியே வரும்போது கண் இமையிலும் காதுக்குள்ளும் உப்பு இருக்கும். உதடு வெடித்திருக்கும். அங்கிருந்து நேராக மேட்டுக்குப் போய் நாங்களும் மண் சுமப்போம். அந்த வேலையில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. பிள்ளைகள் ஒரு கூடை சுமந்தால் நான் இரண்டு சுமப்பேன்.

ஒன்பதாம் நாள் நான்தான் சொன்னேன், பக்கத்திலேயே குட்டை வறண்டு கிடக்கிறதே, அந்தக் கரையில் தோண்டினால் என்ன என்று. களிமண், பிடித்தால் மெழுகு மாதிரி நிற்கிறது. நடையும் இல்லை. கண்ணாடிக்காரப் பிள்ளை குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். முகத்தைச் சுளித்தான்.

"கரிக்கிற மாதிரி இருக்கே அக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சக்கரைப் பொங்கலும் அதிரசமும் துன்னு வளந்த நாக்கு. உங்களுக்கு எங்க ஊர்ல எல்லாமே கரிக்கும் தம்பி. இப்படிக் குடு" என்று நானும் ஒரு சிட்டிகை அள்ளி வாயில் போட்டேன். மெதுவாக நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் மண். என்னோடு உப்பு உதறுகிற இன்னும் இரண்டு பெண்களும் வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார்கள்.

"நான் சொல்றேன் தம்பி, நல்ல மண்ணு. தோண்டு."

பிள்ளைகள் எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். குட்டைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஷாப்பின் உப்புக் கழிவைக் குவித்திருப்பதும், மழைக்காலத்தில் அது கரைந்து இந்தக் குட்டைக்குத்தான் வடிகிறது என்பதும் எனக்குத் தெரியாதா? தெரியும். என் நாக்கு இல்லை என்று சொன்ன பிறகு அதையெல்லாம் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அதன்பிறகு வேலை ஓடியது. ஆறு மனையிலும் சுவர் எழும்பியது. "அக்கா சொன்ன மண்ணு" என்று பிள்ளைகள் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே மிதிப்பார்கள். எனக்கு நடையே மாறிவிட்டது. ஒரு நாள் அவர்களுக்குக் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் செய்து கொண்டுபோனேன். ஆளுக்கு ஒரு வாய் வைத்ததும் ஒருவனை ஒருவன் பார்த்தார்கள். ஆனால் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். குடித்துவிட்டு இரண்டு குடம் தண்ணீரைக் காலி செய்தார்கள். எங்கள் வீட்டுச் சோறு இவர்களுக்கு இறங்கவில்லை, மரியாதைக்கு விழுங்குகிறார்கள் என்று எனக்கு மனசு கசந்துபோனது. அதற்கப்புறம் நான் எதுவும் கொண்டுபோகவில்லை.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. அந்த வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். சுவர் என் மார்பு உயரத்துக்கு வந்திருந்தது. இனி ஓர் அடுக்கு வைத்தால் கூரை போடலாம். கிட்டே போய்ப் பார்த்தேன். சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரம். வைகாசி வெயில், இரண்டு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை, அடி அடுக்கு வைத்து இருபது நாள் ஆகப்போகிறது. ஈரம் எங்கிருந்து வந்தது? யாராவது தண்ணீர் ஊற்றினார்களோ என்று அடுத்த மனையைப் பார்த்தேன். அங்கேயும் ஈரம். ஈரத்துக்கு மேலே பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. என் வீட்டுச் சுவரின் மூலையில் பக்கத்து வீட்டு ஆடு நின்று அந்த வெள்ளையை நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினேன். இரண்டு அடி தள்ளி நின்று மறுபடி நக்கியது.

ஆட்டுக்காரியும் வந்தாள். அவள் என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். எங்கள் வரிசையில் ஷாப்பு வேலைக்குப் போகாத ஒரே பெண் அவள்தான். ஆடு வளர்த்துப் பால் விற்பாள்.

"என் ஆட்டுக்கு உங்க வூடு ரொம்பப் புடிச்சிப்போச்சிம்மே" என்றாள். "நேத்தும் இங்கதான் நின்னுது. எங்க வூட்டுச் செவுத்தையும் விடல."

"ஆடுன்னா எதையும் நக்கும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஆடு எதையும் நக்காது. உப்பைத்தான் நக்கும்."

அவள் போனபிறகு சுவரிலிருந்து அந்த வெள்ளையைக் கிள்ளி வாயில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தேன். பல்லில் நறநறவென்றது, அவ்வளவுதான். ஆடு பொய் சொல்கிறது, நான் சொல்வதுதான் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.  மாமியார் கூழ் குடிக்க உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுச் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். அவர் தினமும் அப்படித்தான் கலக்குவார். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

"இன்னாத்துக்கு அத்தை தண்ணி ஊத்தறீங்க?"

"ஊத்தாம எப்படிக் குடிக்கிறது? உப்பு நாக்கைப் பொத்துக்கினு போவுது."

"உப்பா? நான் கம்மியாத்தான போட்டேன்?"

"நீ கம்மியாப் போட்டே! நீ இந்த வூட்டுக்கு வந்தப்ப நல்லாத்தான் ஆக்கினே. ஷாப்புக்குப் போவ ஆரம்பிச்சதிலேர்ந்து வருஷத்துக்கு ஒரு பிடி ஜாஸ்தி. உன் புருஷனும் சுண்ணாம்புல வெந்த நாக்கு, அவனுக்கும் தெரியாது. சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவே. எதுக்குப் பேஜாருன்னு நான் தண்ணி ஊத்திக்கினு போறேன்."

நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு குடம் தண்ணீர் குடித்த பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். நாள் முழுதும் உப்பிலே கிடக்கிற நாக்குக்கு உப்பு எப்படித் தெரியும்? அன்று என்னோடு மண்ணை ருசி பார்த்த இரண்டு பேரும் உப்பு உதறுகிறவர்கள்தான். அந்த இடத்தில் உருப்படியான நாக்கு ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் நான் சிரித்து அடக்கியிருந்தேன்.

சாயங்காலம் ஆட்டுக்காரியைத் தேடிப் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"தெரிஞ்சிபோச்சா? எனக்கு நாலு நாளா தெரியும்."

"இன்னாக்கா பண்றது?"

"இன்னா பண்றது? பேசாம இரு. சொன்னியானா இடிப்பாங்க. இடிச்சா ஆனிக்குள்ள வூடு கெடையாது. புள்ளைங்க காலேஜுக்குப் போய்ட்டா அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பாப்பாங்களா? மூணு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எந்த மரத்தடியில நிக்கிறது? கூரை வந்துட்டுதுன்னா மழை செவுத்து மேல படாது. எதுனா ஆச்சுன்னா அப்ப பாத்துக்கலாம்."

அவள் சொன்னதில் எனக்கு ஆசையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அன்றிலிருந்து விடியலில் ஷாப்புக்குப் போவதற்கு முன் மேட்டுக்குப் போய், சாணியும் செம்மண்ணும் கரைத்து என் சுவரின் அடியை மெழுகிவிட்டு வந்தேன். யாராவது பார்த்தால், "நம்ம வூடு, அழகு பண்றேன்" என்பேன். இரண்டு நாளில் மெழுகல் அப்பளம் மாதிரி உரிந்துவிடும். மறுபடி மெழுகுவேன். பிள்ளைகள் ஒன்றும் அறியாமல் கடைசி அடுக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூடை மண்ணையும் நானே சுமந்து கொடுத்தேன். மேலே பாரம் ஏற ஏற அடியில் சுவர் வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். என் பெண் அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து கொட்டாங்குச்சியில் சோறு ஆக்கி விளையாடுவாள். அவளை அங்கிருந்து தூக்கிவிட்டுத்தான் நான் மூச்சு விடுவேன். தூக்கிய மறுநிமிஷம் அவள் திரும்ப அங்கேயே போய் உட்காருவாள்.  வானத்தில் ஒரு துண்டு மேகம் தெரிந்தால் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். அப்படியும் நான் சொல்லவில்லை. பத்து நாள் சொல்லவில்லை.

கொத்தனார் சொன்னபடி திரும்பி வந்தார். உச்சி வேளை. பெண்கள் நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். என் வீட்டுச் சுவரைத்தான் முதலில் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கொத்துக்கரண்டியால் அடியைச் சுரண்டினார். என் மெழுகல் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளேயிருந்து கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துத் தூவென்று துப்பினார்.

"எவன்யா மண்ணைப் பாத்தது?"

 என் தலையில் மண்கூடை இருந்தது. அதை இறக்கி வைக்காமல் நின்றேன்.

"நான்தான் பாத்தேன்" என்றான் கண்ணாடிக்காரப் பிள்ளை.

"கண்ணுக்குப் போட்டா மாதிரி நாக்குக்கும் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கோப்பா! இது உப்பளம்யா, மண்ணா இது? ஏட்டைப் படிச்சா போதுமா? ஆறு வூட்டையும் கெடுத்து வெச்சிருக்கீங்களே!"

அவன் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொத்தனார் விடவில்லை. ஆறு வீட்டு ஆட்கள் முன்னால், அவனுடைய சிநேகிதர்கள் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். வேலைக்குப் போகாத கிழவர் ஒருவர், "தெரியாதவங்களை நம்பினது நம்ம தப்பு" என்றார். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இடிப்பதா, மேலே சுண்ணாம்பு பூசிச் சமாளிப்பதா என்று மறுநாள் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்வது என்று அங்கே சொல்லிக்கொண்டது பின்னால் கேட்டது.

அன்று என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் முழுவதையும் சொல்லி, இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். சுண்ணாம்பு அரித்த கைக்கு அவர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். 

"அந்தப் புள்ள உன்னைக் காட்டிக் குடுக்கலியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு என்னைக் கேக்கறே?" என்று துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் உச்சிக்கு எல்லாரும் மேட்டில் கூடினோம். ஆண்களும் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். பேச்சு முழுவதும் சுண்ணாம்பு பூசுவது பக்கமே சாய்ந்தது. பிள்ளைகள் போவதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆட்டுக்காரிதான் உரக்கப் பேசினாள். "பூசிட்டு ஓலை போட்டுடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்." கண்ணாடிக்காரப் பிள்ளை தரையைப் பார்த்து நின்றான். அவன் சொல்லுக்கு அன்று மதிப்பு இல்லை.

நான் முன்னே வந்தேன்.  எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மண்ணைப் பாத்தது நானு. இந்தத் தம்பி கரிக்குதுன்னு சொல்லிச்சி. நான்தான் சிரிச்சி அது வாயை அடைச்சேன். என் நாக்கு செத்த நாக்கு, எனக்கு உப்பு தெரியல. அது தெரியாம பண்ணது. ஆனா பத்து நாளா எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மெழுகி மறைச்சேன்."

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாம் வீட்டுக்காரி என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "உன் வாய்க் கொழுப்புல எங்க வூடு போச்சேடி!" என்று அழுதாள். ஆட்டுக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும் என்பதைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவள் கண்ணில் இருந்தது. நான் சொல்லவில்லை.

கண்ணாடிக்காரப் பிள்ளை என் பக்கத்தில் வந்தான். "அக்கா, நீங்க சிரிச்சீங்க, சரி. நானும் சேந்து சிரிச்சேனே. எனக்குக் கரிச்சது எனக்குத் தெரியும்தானே?" என்றான். அவன் மெதுவாகச் சொன்னதால் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

அங்கே கிடந்த கடப்பாரையை எடுத்தேன். என் வீட்டுச் சுவரின் அடியில் ஒரு குத்துக் குத்தினேன். பாதிக் கடப்பாரை உள்ளே போய்விட்டது. இழுத்தபோது முனையில் மண் கூழ் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் கிட்டே வந்து பார்த்தார்கள். மூன்றாம் வீட்டுக்காரி அழுகையை நிறுத்திவிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். பொழுது சாய்வதற்குள் ஐந்து வீட்டுச் சுவரும் தரையில் கிடந்தன.

ஆட்டுக்காரி மட்டும் தன் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என் வூட்டைத் தொடாதீங்க."

"உள்ள முச்சூடும் ஈரம்க்கா. பாத்த இல்ல?" என்றேன்.

"அன்னிக்கி நல்ல மண்ணுன்னு சொன்னதும் நீதான். இன்னிக்கி கெட்ட மண்ணுன்னு சொல்றதும் நீதான். உன் பேச்சுல எதை நம்பறது?"

 கொத்தனார் சொன்னார், பிள்ளைகள் கெஞ்சினார்கள். அவள் அசையவில்லை. அந்தக் கூரையைப் போட மாட்டோம் என்று பிள்ளைகள் சொன்னதும், அவள் வீட்டுக்காரரே பனை ஓலை கொண்டுவந்து போட்டுக்கொண்டார். வரிசையில் முதலில் குடிபோனது அவள்தான்.

நாங்கள் மறுபடி மலையடிவாரத்துக்கு நடந்தோம். இந்த முறை ஆறு வீட்டு ஆண்களும் வேலை முடிந்து வந்து சுமந்தார்கள். ஆட்டுக்காரியின் புருஷன்கூட வந்தார். மண்ணை மாமியார்தான் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னார். பிள்ளைகள் போகிற நாளில் மூன்றாம் வீட்டுக்கு மட்டும் கூரை ஏறியிருந்தது. மற்றவை இடுப்பளவு. "சனி ஞாயிறு ரயிலேறி வந்துடுவோம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனி முடிந்ததும் மேஸ்திரி வந்து குடிசைகளைப் பிரித்தான். இரண்டு குடும்பம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. மீதி இருந்த எங்கள் மூன்று குடும்பமும் மூன்றாம் வீட்டுக்குள் அடைந்தோம். மூன்றாம் வீட்டுக்காரி என்னோடு பேசுவதில்லை. ஆனால் படுக்க இடம் விட்டாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.  முதல் தூறல் விழுந்ததும் எழுந்து ஆட்டுக்காரி வீட்டுக்கு ஓடினேன். உள்ளே மூன்று பிள்ளைகளும் ஆடுகளும் இருந்தன. அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புள்ளைங்கள அனுப்புக்கா. மழை விட்டதும் வந்துடட்டும்."

"வந்துட்டாளா மண்ணு பாக்கறவ? போ, உன் வேலையப் பாரு."

"உன் கால்ல விழறேன்க்கா."

"விழு."

விழுந்தேன். நான் புருஷன் காலிலும் விழுந்தவள் இல்லை. அவள் திகைத்துப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். ஆனால் அடுப்பை விட்டு எழவில்லை. நான் எழுந்து போய், அடியில் தள்ளிக்கொண்டிருந்த அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். முதுகு நனைந்தது.

"நீ வர்ற வரைக்கும் நானும் இங்கதான்."

"பேஜார் பண்ணாத, எழுந்து போ."

"போவ மாட்டேன்."

மழை வலுத்தது. அவள் என்னையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்புறம் என்னைத் திட்டிக்கொண்டே சின்னதைத் தூக்கினாள், மற்ற இரண்டையும் முன்னே தள்ளினாள், ஆடுகளை அவிழ்த்தாள். மூன்றாம் வீட்டு வாசலில் எல்லாரும் ஓலைக்குக் கீழே நெருங்கி நின்று அவள் வீட்டைப் பார்த்தோம். மழை அடித்து ஊற்றியது. சுவர் நின்றது. வெகுநேரம் நின்றது.

"இன்னா, நிக்குதே?" என்றாள் அவள். "அடுப்புல உலை கொதிக்குது. நான் போறேன்."

நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என் மனசில் இருந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. விழுந்துவிடு, விழுந்துவிடு என்று அந்தச் சுவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தியின் வீடு விழ வேண்டும் என்று வேண்டினேன்.

அது சத்தமே போடவில்லை. களைத்துப்போனவர் உட்காருவதுபோல அடியில் மடங்கி உட்கார்ந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்து அடுப்பை மூடியது. ஓலைக்கு அடியிலிருந்து புகை கொஞ்ச நேரம் வந்து அடங்கியது.

அவள் அழவில்லை. பிள்ளைகளை எண்ணினாள். ஒரு முறை எண்ணிவிட்டு, தலையைத் தொட்டுத்தொட்டு மறுபடி எண்ணினாள். பிறகு கைக்குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு, சட்டி பானை ஏதாவது தேறுமா என்று பார்க்க மழையில் இறங்கிப் போனாள். மூன்றாம் வீட்டுக்காரி பின்னாலேயே போனாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் நாலு குடும்பம் அந்த ஒரு கூரைக்குக் கீழே இருந்தோம். பிள்ளைகள் சொன்னபடி சனிக்கிழமைகளில் வந்தார்கள். எல்லா சனிக்கிழமையும் இல்லை. சிலசமயம் மூன்று பேர், சிலசமயம் கண்ணாடிக்காரப் பிள்ளை மட்டும். ஆட்டுக்காரியின் வீடு தை மாதம்தான் எழும்பியது. என் வீடு அதற்கும் பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாக. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே சொல்லியிருந்தேன். ஆட்டுக்காரி சாகும்வரை என்னோடு சிநேகிதமாகத்தான் இருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும், மழை வரும் என்றாலும், பால் திரிந்துவிட்டது என்றாலும், இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டுதான் நம்பினாள்.